அறுவைக்குப் பின் கல்லீரல்: நலமுற்றது வளர்வதும் நோயுற்றது தளர்வதும்

மனித உடலின் உள்ளுறுப்புகளுள், பெரும்பகுதி வெட்டி நீக்கப்பட்ட பின்னரும் தன் பழைய பருமனை மீண்டும் எய்தும் ஆற்றலில் கல்லீரலுக்கு நிகரானது வேறில்லை. இதயத் தசை அழிந்த இடத்தில் தழும்பு மட்டுமே எஞ்சுகின்றது. மூளையின் நரம்பணுக்கள் மடிந்தால் அவற்றின் இடம் பெரும்பாலும் நிரம்புவதில்லை. கல்லீரலோ இழந்ததை ஈடு செய்துகொள்கின்றது.

நோயுற்ற உடன்பிறந்தாருக்குத் தம் கல்லீரலின் வலப்பகுதியைக் கொடுக்கும் நலமான ஒருவர், ஈரலில் பாதிக்கு மேல் இழந்த போதிலும், சில வாரங்களில் எழுந்து நடமாடுகின்றார். மூன்று மாத காலத்தில் அவருடைய ஈரல் பழைய அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகின்றது. ஆனால் நெடுநாள் நோயினால் ஈரல் இறுகிப்போன ஒருவருக்கு, அதில் தோன்றிய கட்டியை நீக்கும் பொருட்டு அதே அளவு வெட்டியெடுக்கப்பட்டால், கண்கள் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து, அறிவு மயங்கி, உயிருக்கே ஊறு நேரக்கூடும். வெட்டிய அளவு ஒன்றே. விளைவு மட்டும் வேறுபடுகின்றது. இதன் காரணத்தை அறிவது மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. கல்லீரல் நோயைத் தொடக்கத்திலேயே தடுக்கும் வாய்ப்புள்ள களப்பணியாளரும், அதனை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியரும் இதனை அறிந்திருத்தல் நலம் பயக்கும்.

கல்லீரலின் அமைப்பு

வயிற்றறையின் வலது மேற்பக்கத்தில், உதரவிதானத்தை ஒட்டிக் கல்லீரல் அமைந்துள்ளது. வளர்ந்த மனிதரிடத்தில் இதன் எடை சுமார் 1,200 முதல் 1,500 கிராம் வரை இருக்கும். நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் இதனுள் பாய்கின்றது. அதில் நான்கில் ஒரு பங்கு கல்லீரல் தமனி வழியாக வருவது. எஞ்சிய மூன்று பங்கும் குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. உண்ட உணவின் சத்துகளையும், கணையம் சுரக்கும் இன்சுலினையும் ஈரலுக்குக் கொணர்வது இச்சிரையே. பித்தநீரைச் சுரத்தல், சர்க்கரையைச் சேமித்தல், இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குதல், நச்சுப் பொருள்களை முறித்தல் முதலிய பல பணிகள் ஈரலுக்கு உண்டு.

உருப்பெருக்கியின் கீழ் நோக்கினால், ஈரல் முழுவதும் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள எண்ணற்ற சிறுமடல்களால் ஆகியிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு சிறுமடலும் பாத்தி கட்டிய வயலை ஒத்தது. பாத்திகளில் பயிர் வரிசையாய் நிற்பதுபோல் கல்லீரல் உயிரணுக்கள் வரிசைகளாய் நிற்கின்றன. வரிசைகளுக்கு இடையே வாய்க்கால்போல் நுண்ணிய இரத்த வழிகள் செல்கின்றன. இவ்வழிகளின் சுவர் சல்லடை போன்று துளைகள் உடையது. ஆகவே இரத்தத்தின் நீர்ப்பகுதி தடையின்றி வெளிப்பட்டு உயிரணுக்களை நனைக்கின்றது. சுவருக்கும் உயிரணுக்களுக்கும் நடுவேயுள்ள குறுகிய இடைவெளியில் நட்சத்திர வடிவ உயிரணுக்கள் சில உறைகின்றன. 1876 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் குப்ஃபர் இவற்றை முதன்முதல் விவரித்தார். நலமான ஈரலில் வைட்டமின் ஏ சத்தைச் சேமித்து வைப்பதே இவற்றின் அமைதியான தொழில். நோய் வந்தபின் இவற்றின் இயல்பு மாறுவதைப் பின்னர்க் காணலாம்.

நலமான ஈரல் வளரும் முறை

1931 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்போர் வெள்ளெலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை நீக்கி, எஞ்சிய பகுதி எவ்வாறு வளர்கின்றது என்பதை முறையாக ஆராய்ந்தனர். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் ஈரல் பெரும்பாலும் தன் பழைய எடையை எய்தியது. இன்றும் இத்துறையின் ஆய்வுகளுக்கு அடிப்படையாக விளங்குவது இந்த முறையே.

இங்கு ஒரு கருத்தை ஐயமின்றி அறிதல் வேண்டும். கிளை வெட்டப்பட்ட மரம் வெட்டிய இடத்தருகே துளிர்ப்பதுபோல, வெட்டிய மடல் மறுபடியும் முளைப்பதில்லை. எஞ்சி நிற்கும் மடல்களே பருத்து, இழந்த பணியையும் மேற்கொள்கின்றன. இதற்கெனத் தனி வித்தணுக்கள் தேவைப்படுவதில்லை. அன்றாடப் பணிபுரியும் முதிர்ந்த உயிரணுக்களே மீண்டும் பிரியத் தொடங்குகின்றன. மூன்றில் ஒரு பங்காக எஞ்சியவை ஒருமுறை இரண்டிரண்டாகப் பிரிந்தால் மூன்றில் இரண்டு பங்காகும். மறுமுறை அவற்றுள் பாதி பிரிந்தாலே முழு அளவும் நிரம்பிவிடும். பிரிவதற்கு முன் உயிரணுக்கள் பருக்கவும் செய்கின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டும் நீக்கப்பட்டால், பருத்தலே போதுமானதாகின்றது என்று 2012 ஆம் ஆண்டில் ஜப்பானில் சுண்டெலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு காட்டிற்று.

வளரவேண்டும் என்னும் செய்தி உயிரணுக்களுக்கு எவ்வாறு எட்டுகின்றது? 1967 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தைக் குழாய்களால் இணைத்து, ஒன்றன் ஈரலை மட்டும் வெட்டினர். வெட்டப்படாத எலியின் ஈரலிலும் உயிரணுக்கள் பிரிவதற்கு ஆயத்தமாயின. ஆகவே செய்தியைச் சுமந்து செல்வது இரத்தமே என்பது தெளிவாயிற்று. 1984 ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் நகமுராவும் அவருடைய குழுவினரும், ஈரல் வெட்டப்பட்ட எலிகளின் இரத்தத்திலிருந்து கல்லீரல் உயிரணு வளர்ச்சித் தூண்டி ஒன்றைப் பிரித்தெடுத்தனர்.

இன்று அறியப்படும் வரிசைமுறை பின்வருமாறு: ஈரலின் ஒரு பகுதி நீங்கியவுடன், போர்ட்டல் சிரையின் இரத்தம் முழுவதும் எஞ்சிய சிறு பகுதிக்குள் பாய்கின்றது. அவ்வேகத்தை உணரும் இரத்த வழிகளின் சுவரணுக்களும், அவற்றை அடுத்துள்ள பிற அணுக்களும் தூண்டற்பொருள்களை வெளியிடுகின்றன. இவற்றுள் சில, உறங்கும் கல்லீரல் உயிரணுவை விழிக்கச் செய்வன. வேறு சில, விழித்த அணுவைப் பிரியச் செய்வன. எலிகளில் இருபத்துநான்கு மணி நேரத்தில் உயிரணுக்களின் மரபுப் பொருள் இரட்டிப்பாகும் வேலை உச்சத்தை அடைகின்றது. ஈரல் உடலுக்கேற்ற பருமனை எய்தியதும் தடுக்கும் பொருள்கள் மேலோங்கி வளர்ச்சி நிற்கின்றது. எனவே, ஈரல் வளர்வதற்கு மூன்று தேவைகள் உள்ளன என்று சுருக்கிக் கூறலாம்: பிரியும் வலிமையுள்ள உயிரணுக்கள், தங்குதடையற்ற இரத்த ஓட்டம், உரிய காலத்தில் உரிய செய்தி. நோயுற்ற ஈரலில் இம்மூன்றும் ஒருங்கே பழுதடைகின்றன.

இறுகிய ஈரலின் இடர்கள்

ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், மது, மிகுந்த கொழுப்பு ஆகியவற்றுள் எது காரணமாயினும், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி இறுதியில் சிரோசிஸ் என்னும் ஈரல் இறுக்க நோயில் கொண்டுபோய் விடக்கூடும்.

முதலாவது இடர், உயிரணுக்களின் களைப்பு. நோயுற்ற ஈரல் வளராமல் இருந்துவிட்டது என்று கருதுவது தவறு. உண்மையில் அது பல ஆண்டுகளாக ஓயாது வளர்ந்துகொண்டே இருந்திருக்கின்றது. நோயினால் மடியும் அணுக்களுக்கு ஈடாக ஒவ்வொரு நாளும் புதியன தோன்றவேண்டியிருந்தது. ஒவ்வொரு பிரிவின்போதும் குரோமோசோம்களின் நுனியிலுள்ள டெலோமியர் என்னும் காப்புறை சிறிது தேய்கின்றது. அது மிகவும் குறுகியபின் உயிரணு உயிரோடிருந்தாலும் பிரிவதில்லை. 2002 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெளியான ஆராய்ச்சி, வெவ்வேறு காரணங்களால் இறுகிய மனித ஈரல்களை ஒப்பிட்டு, அவை அனைத்திலும் கல்லீரல் உயிரணுக்களின் டெலோமியர் குறுகியிருந்ததைக் கண்டது. அதே ஈரல்களில் உள்ள நட்சத்திர வடிவ அணுக்களில் அத்தகைய குறுக்கம் காணப்படவில்லை. உழைத்துத் தேய்ந்தவை இன்னவை என்பது இதனால் விளங்கும். அறுவை மருத்துவர் வேண்டுவது இக்களைத்த அணுக்களிடமிருந்து மேலும் ஒரு பெருமுயற்சியை.

இரண்டாவது இடர், நிலத்தின் பழுது. தொடர்ந்த காயத்தினால் நட்சத்திர வடிவ அணுக்கள் தம் வைட்டமின் சேமிப்பை இழந்து, நார்ப்பொருளான கொலாஜனை உற்பத்தி செய்யும் அணுக்களாக உருமாறுகின்றன. அந்நார் உயிரணுக்களுக்கும் இரத்த வழிகளுக்கும் நடுவில் படிகின்றது. சல்லடைச் சுவரின் துளைகளும் அடைபட்டுச் சாதாரணத் தந்துகிகளின் சுவர்போல் ஆகின்றன. நியூயார்க் நகரத்து ஷாஃப்னர், பாப்பர் என்னும் அறிஞர்கள் 1963 ஆம் ஆண்டில் இம்மாறுதலை விவரித்தனர். வாய்க்காலில் நீர் ஓடினும் கரை இறுகிப் பாத்திக்கு ஈரம் எட்டாத நிலை இது. உணவும் பிராணவாயுவும் தூண்டற்பொருளும் உயிரணுவைச் சேருவதற்குத் தடை ஏற்படுகின்றது. நார்ச் சுவர்களுக்கு நடுவே உயிரணுக்கள் முண்டுமுண்டாகத் திரண்டு வளர்கின்றன. அங்கே வளர்ச்சி உண்டு, ஒழுங்கான அமைப்பு இல்லை.

மூன்றாவது இடர், இரத்தம் வழிமாறிப் போதல். இறுகிய ஈரலினுள் எளிதில் நுழைய இயலாத போர்ட்டல் இரத்தம், உணவுக்குழல் முதலிய இடங்களிலுள்ள பக்கச் சிரைகளை விரித்துக்கொண்டு ஈரலைத் தவிர்த்துச் செல்கின்றது. இவ்வாறு விரிந்த சிரைகள் வெடிப்பதே சில நோயாளிகள் இரத்த வாந்தி எடுப்பதன் காரணம். 1877 ஆம் ஆண்டில் ருஷ்ய மருத்துவர் எக் போர்ட்டல் இரத்தத்தை நாய்களில் வேறு வழியில் திருப்பும் அறுவை முறையை வகுத்தார். அவ்வாறு திருப்பப்பட்ட நாய்களின் ஈரல் சுருங்குவதும், ஈரலுக்குச் செல்லும் சிரைக்கிளையில் இன்சுலினைச் செலுத்தினால் அச்சுருக்கம் பெரிதும் தடைப்படுவதும் 1970களில் ஸ்டார்ஸல் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரின் ஆய்வுகளால் அறியப்பட்டன. இரத்தம் வழிமாறும்போது ஈரலின் ஊட்டமும் அதனுடன் வழிமாறுகின்றது. நுழையும் இரத்தமும் மிகுந்த அழுத்தத்துடன் நுழைவதால், அறுவைக்குப் பின் எஞ்சிய சிறு பகுதி அதனைத் தாங்காது ஊறுபடுவதும் உண்டு.

நான்காவது இடர், செய்திகளின் குழப்பம். நலமான ஈரலில் வளர்ச்சியின் முடிவில் தோன்றவேண்டிய தடைப்பொருள்களுள் ஒன்று, இறுகிய ஈரலில் எக்காலமும் மிகுந்து நிற்கின்றது. அதுவே கொலாஜன் உற்பத்தியையும் தூண்டுவது. எனவே ஒரே பொருள் தழும்பை வளர்த்து, உயிரணுவின் பிரிவை ஒடுக்குகின்றது.

கொழுப்பேறிய ஈரலும் பித்தம் தேங்கிய ஈரலும்

ஈரல் இறுகுவதற்கு முன்னரே மறுவளர்ச்சி குன்றத் தொடங்கலாம். உயிரணுக்களுள் கொழுப்புத் துளிகள் நிறைந்தால் அவை உப்பி, இடையேயுள்ள இரத்த வழிகளை நெருக்குகின்றன. உயிரணுவுக்கு ஆற்றல் அளிக்கும் நுண்ணுறுப்புகளும் செவ்வனே இயங்குவதில்லை. அறுவையின்போது சிறிது நேரம் இரத்தத்தை நிறுத்தி மீண்டும் விடுவதை நலமான ஈரல் பொறுத்துக்கொள்ளும். கொழுப்பேறிய ஈரலுக்கு அது பெருங்காயமாகின்றது. இதனால்தான், ஈரலில் கொழுப்பு மிகுந்தவர் ஈரற்கொடை அளிக்க முன்வந்தால், முதலில் உடல் எடையைக் குறைத்து வருமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர்.

பித்தக் குழாய் அடைபட்டுப் பித்தநீர் தேங்கிய ஈரலும் வளரத் தயங்கும். அறுவைக்கு முன்பே தேங்கிய பித்தத்தை வடித்துவிடுவது பல சமயங்களில் மேற்கொள்ளப்படும் முறை. புற்றுநோய்க்குரிய சில மருந்துகள், நீரிழிவு, கிருமித் தொற்று, ஊட்டக் குறைவு ஆகியனவும் வளர்ச்சியைத் தளர்த்துவனவே.

அறுவை மருத்துவரின் கணக்கு

மேற்கூறியவற்றால், எவ்வளவு வெட்டுவது என்பதைவிட, எவ்வளவு எஞ்சும், அது எத்தகையது என்பதே முதன்மையான வினா ஆகின்றது. நலமான ஈரலாயின் நான்கில் ஒரு பங்கோ, அதற்குச் சற்றுக் குறைவோ எஞ்சினாலும் போதும். நெடுநாள் புற்றுநோய் மருந்து உட்கொண்டவர்க்குச் சுமார் 30 சதவிகிதமும், ஈரல் இறுகியவர்க்குச் சுமார் 40 சதவிகிதமும் எஞ்சவேண்டும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் அளவு.

எடுத்துக்காட்டாக, 1,200 கன சென்டிமீட்டர் பருமனுள்ள ஈரலின் வலப்பகுதியில் கட்டி உள்ளது எனக் கொள்க. வலப்பகுதி 800 கன சென்டிமீட்டர். அதனை நீக்கினால் எஞ்சுவது 400. இது மொத்தத்தில் 33 சதவிகிதம். நலமான ஈரல் உடையவர் இவ்வறுவையைத் தாங்குவார். இறுகிய ஈரல் உடையவர்க்கு இது போதாது. கட்டியும் கத்தியும் ஒன்றாயிருந்தும், ஒருவர்க்கு உதவும் மருத்துவம் மற்றவர்க்குக் கேடாகின்றது.

இத்தகையோருக்காக 1980களில் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு வழி கண்டனர். நீக்கவேண்டிய பகுதிக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக்கிளையை முன்னதாகவே அடைத்துவிட்டால், இரத்தம் முழுவதும் மறுபகுதிக்குத் திரும்பி அதனைப் பருக்கச் செய்யும். சில வாரங்கள் பொறுத்து அளந்து பார்த்து, போதிய அளவு வளர்ந்திருந்தால் அறுவை செய்வர். வளரவில்லையெனில், அவ்வீரலின் ஆற்றல் ஒடுங்கிவிட்டது என்பது நோயாளியின் உயிருக்கு ஆபத்து நேருமுன்பே தெரிந்துவிடுகின்றது. ஈரல் மிகவும் இறுகி, அதிலுள்ள கட்டி சிறிதாக இருப்பவர்க்கு, ஈரல் முழுவதையும் மாற்றுவதே சிறந்த வழியாகலாம். ஒரே கட்டியாயின் 5 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும், மூன்று வரையிலான கட்டிகளாயின் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்னும் வரையறை 1996 ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் வகுக்கப்பட்டது.

பழுது நீங்குமா?

ஈரல் இறுகினால் இறுகியதே என்று முற்காலத்தில் கருதப்பட்டது. காரணத்தை நீக்கினால் தழும்பும் ஓரளவு கரையும் என்பதை இன்று சான்றுகள் காட்டுகின்றன. ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு டெனோஃபோவிர் மருந்தை ஐந்தாண்டுகள் கொடுத்துச் செய்த ஆய்வு 2013 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தொடக்கத்தில் ஈரல் இறுக்கம் உடையவராயிருந்த 96 பேருள் 71 பேரிடம் ஐந்தாண்டு முடிவில் அந்நிலை மாறியிருந்தது. ஹெபடைடிஸ் சி நோயைப் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரைகளாலேயே தீர்க்க இயலும். மதுவை அறவே நிறுத்தினால் ஈரலின் கொழுப்பு சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். மிகை எடையுள்ளவர் தம் எடையில் ஏழு முதல் பத்து சதவிகிதம் குறைத்தால், ஈரலின் கொழுப்பும் அழற்சியும் தணிகின்றன. ஆயினும் மிக முதிர்ந்த நிலையில் இந்நன்மைகள் முழுமையாகக் கிட்டுவதில்லை. இறுகிய ஈரலை வளரச் செய்வதாக ஐயமற நிறுவப்பட்டு வழக்கத்திற்கு வந்த மருந்து எதுவும் இல்லை. ஈரலை வளர்க்கும் என விளம்பரப்படுத்தப்படும் மருந்துகளை நம்பிக் காலம் கடத்துவது கேடு விளைவிக்கும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

ஈரல் இறுக்க நோய் தொடக்கத்தில் வலியின்றி, அடையாளமின்றி வளர்வது. மகோதரமும் மஞ்சட்காமாலையும் தோன்றும்போது ஈரலின் சேமிப்பு ஆற்றலில் பெரும்பகுதி செலவாகியிருக்கும். எனவே அறுவைக்கூடத்தில் என்ன நேரும் என்பது, பல ஆண்டுகளுக்கு முன்னரே சிற்றூரிலும் வீட்டிலும் பெரிதும் முடிவாகிவிடுகின்றது.

1. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இடப்படவேண்டும். அதன்பின் 6, 10, 14 ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியுடன் சேர்த்து இடப்படவேண்டும். 2011 ஆம் ஆண்டுமுதல் இத்தடுப்பூசி நாடு முழுவதற்கும் உரிய திட்டத்தில் உள்ளது.

2. முன்னர் இரத்தம் ஏற்றிக்கொண்டவர், பிறர் பயன்படுத்திய ஊசியால் மருந்து செலுத்திக்கொண்டவர், நோயாளியின் குடும்பத்தார் ஆகியோரைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். 2018 ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று தொடங்கப்பெற்ற தேசியத் திட்டத்தின்கீழ், வைரஸ் ஈரல் அழற்சிக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாக அளிக்கப்படுகின்றன.

3. மது அருந்துவோர், நீரிழிவுள்ளோர், இடை பருத்தோர் ஆகியோர்க்கு ஈரலைப் பற்றியும் எடுத்துரைக்கவேண்டும். கொழுப்பேறிய ஈரல் நோய் 2021 ஆம் ஆண்டில் தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

4. ஈரல் நோயுற்றவரைக் கட்டி உள்ளதா என்று குறித்த காலங்களில் சோதித்து வருதல் வேண்டும். சிறு கட்டியை நீக்கச் சிறு பகுதியை வெட்டினால் போதும், எஞ்சுவது மிகுதியாகும்.

வகுப்பறைச் சோதனை

ஒரே அளவுள்ள இரண்டு நுரைப்பஞ்சுத் துண்டுகளை எடுத்துக்கொள்க. ஒன்றை உருகிய மெழுகில் தோய்த்து ஆறவிடுக. மெழுகை உருக்குவதை ஆசிரியரே செய்தல் வேண்டும். இரண்டையும் வெவ்வேறு புனல்களின் வாயில் பொருந்த வைத்து, சம அளவு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுக. முதல் பஞ்சினூடே நீர் எளிதில் இறங்கும். மெழுகேறிய பஞ்சின் மேல் நீர் தேங்கி, ஓரங்களின் வழியே வழிந்து செல்லும். தேங்கும் நீர் போர்ட்டல் சிரையின் மிகை அழுத்தத்தையும், ஓரமாய் வழிவது பக்கச் சிரைகளில் இரத்தம் திரும்புவதையும் குறிக்கும். ஆனால் பஞ்சு உயிரற்றது. உயிரணுக்களின் களைப்பை இச்சோதனையால் காட்ட இயலாது என்பதையும் மாணவர்க்கு உணர்த்துக.

பயிற்சி வினாக்கள்

1. வெட்டப்பட்ட ஈரல் வளர்வதற்கும் வெட்டப்பட்ட மரம் துளிர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. "நோயுற்ற ஈரல் வளராமல் இருந்த ஈரல் அன்று, வளர்ந்து களைத்த ஈரல்." விளக்குக.

3. 1,500 கன சென்டிமீட்டர் பருமனுள்ள இறுகிய ஈரலில் 700 கன சென்டிமீட்டரை நீக்கவேண்டியுள்ளது. எஞ்சுவது எத்தனை சதவிகிதம்? இவ்வறுவையை மேற்கொள்ளலாமா?

4. ஈரலின் ஒருபக்கச் சிரைக்கிளையை அடைத்தால் மறுபக்கம் பருப்பது ஏன்?